பூமா புங்கு கற்கள்: யார் வெட்டினார்கள் என்பதல்ல, எப்படி வெட்டினார்கள் என்று பேசுவோம்

தென்றலரசு

திவானாக்கு பற்றித் தமிழில் தேடினால் திரும்பத் திரும்ப மூன்றே செய்திதான் வருகிறது: வைரத்துக்கு அடுத்த கடினமான கல், எந்திரத்தில் அறுத்த வெட்டு, 17,000 ஆண்டுப் பழமை. மூன்றையும் அளவு வைத்துச் சோதிக்கத்தான் இந்த இழை.

புதியவர்களுக்கு: பொலிவியாவில், திதிகாகா ஏரியின் தெற்கே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் இடிபாடு இது. லா பாஸ் நகரிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர். இன்காக்கள் இந்தப் பக்கம் வந்தது 15ஆம் நூற்றாண்டில். அதற்கு நானூறு ஆண்டுக்கு முன்பே நகரம் காலியாகிவிட்டது. 1549இல் வந்த ஸ்பானிய வரலாற்றெழுத்தாளர் சியேசா தெ லியோன், இதை இன்காக்களா கட்டினார்கள் என்று ஊராரைக் கேட்டபோது அவர்கள் சிரித்தார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். பூமா புங்கு என்பது அந்நகரின் தென்மேற்கில், ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் மேடை. வடக்கு தெற்காக 167 மீட்டர், கிழக்கு மேற்காக 117 மீட்டர்.

என் கேள்விகள்: கல் எந்த வகை? எச் வடிவக் கற்கள் நிஜமாகவே ஒரே அச்சா? 131 டன் பலகை எப்படி வந்தது? காலக்கணக்கு எதை நம்பி?

கல்லுளி

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில் உண்டு. வீடியோக்களில் 'டயோரைட்', 'கிரானைட்' என்கிறார்கள். பூமா புங்கில் இருப்பவை இரண்டே வகை. தரையில் கிடக்கும் பெரிய பலகைகள் சிவப்பு மணற்கல், தெற்கே கிம்சாசத்தா மலையடியிலிருந்து, சுமார் 10 கிலோமீட்டர் தூரம். வாசல், எச் கல், நுண்வேலை உள்ளவை சாம்பல் நிற ஆண்டிசைட். அது எரிமலைக் கல். ஏரிக்கு அப்பால் கோப்பகபானா தீபகற்பத்திலிருந்தும் காப்பியா மலைப் பக்கத்திலிருந்தும் வந்தது.

கடினத்தைப் பார்த்தால், ஆண்டிசைட்டில் பெரும்பங்கு ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம், கடினத்துக்கான மோஸ் அளவில் (வைரம் 10) 6. குவார்ட்சு 7. ஆகவே குவார்ட்சைட் கூழாங்கல்லால் கொத்தலாம், குவார்ட்சு மணலால் தேய்க்கலாம். எரிமலைக் கண்ணாடியான அப்சிடியன் 5க்கு மேல், 6க்குக் கீழ். விளிம்பு சவரக்கத்தி மாதிரி இருந்தாலும் ஆண்டிசைட்டில் சீக்கிரம் மழுங்கும். செம்பு உளி உதவவே உதவாது, ஆர்செனிக் கலந்து அடித்து இறுக்கினாலும் ஆண்டிசைட்டில் நுனி மடங்கிவிடும். வைரமும் வேண்டாம், எந்திரமும் வேண்டாம். வேண்டியது ஆள், நேரம், அளவுக்கோல்.

வரைகோல்

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். எச் கற்கள் சுமார் ஒரு மீட்டர் உயரம். கட்டடக்கலை ஆய்வாளர்கள் ஜான் பியர் புரோட்சனும் ஸ்டெல்லா நாயரும் அவற்றை ஒவ்வொன்றாக அளந்து வரைந்தார்கள். ஒரே திட்டம், ஒரே விகிதம், மூலைகள் செங்கோணம் என்பது உண்மை. ஆனால் ஒரே அச்சு இல்லை. ஒரு கல்லுக்கும் அடுத்ததற்கும் அளவு சற்று மாறுகிறது. கையால் அளந்து கையால் வெட்டும் பட்டறையில் எதிர்பார்க்க வேண்டிய மாற்றம் அது.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. இன்காச் சுவரில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லுக்காகவே வெட்டப்பட்டது, இடம் மாற்றினால் பொருந்தாது. பூமா புங்கில் அதற்கு நேர்மாறு: ஒரு திட்ட அளவு, அதையே பல கற்களில் திரும்பச் செய்வது, பிறகு கொண்டுபோய்க் கோப்பது. இன்காக்கள் திவானாக்குக் கொத்தர்களிடம் தொழில் கற்றார்கள் என்ற பழைய பேச்சு இந்த இடத்தில் அடிபட்டுப்போகிறது. இரண்டும் வேறு வேறு கட்டுமான அறிவு.

2018இல் தொல்லியலாளர் அலெக்சி விரானிச் வெளியிட்ட வேலையையும் சொல்லியாக வேண்டும். நூற்றைம்பது ஆண்டுகளாகப் பலர் எடுத்த அளவுகளைச் சேர்த்து, 140 ஆண்டிசைட் துண்டுகளையும் 17 மணற்கல் பலகைகளையும் நூற்றுக்கு நான்கு என்ற அளவில் முப்பரிமாண அச்சில் வார்த்து, மேசையில் வைத்துக் கையால் பொருத்திப் பார்த்தார். கணினித் திரையில் பிடிபடாத பொருத்தங்கள் கையில் பிடிபட்டன. இன்று தனித்தனியாகக் கிடக்கும் வாசல்கள் வரிசையாக நின்றவை என்றும், அடுத்தடுத்து ஒரே வடிவம் சிறிதாகிக்கொண்டு போகும்படி அமைத்து, பார்ப்பவருக்குக் கூடம் நீள்வது போலக் காட்டினார்கள் என்றும் தெரிந்தது.

பொன்னி

@கல்லுளி, கொத்துவதும் தேய்ப்பதும் வெளிப் பரப்புக்குச் சரி. உள்மூலை? சதுரக் குழியின் உள்ளே மூன்று பரப்புகள் கூர்மையாகச் சந்திக்கும் இடத்தில் உருண்டைக் கூழாங்கல் போகாதே. சுமார் 6 மில்லிமீட்டர் அகலக் கோடு, அதில் சம தூரத்தில் சிறு துளைகள் உள்ள கல் ஒன்றின் படம் எல்லா இடத்திலும் சுற்றுகிறது. அதை எப்படிச் செய்தார்கள்?

கல்லுளி

@பொன்னி, இந்த இடிபாட்டில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். வேலையின் வரிசையைப் பார்த்தால் சிக்கல் எங்கே என்று தெரியும்.

முதலில் கல்லைச் சதுரமாக்குவது. கைக்கு அடங்கும் கனமான கூழாங்கல்லைச் செங்குத்தாக விடாமல், சற்றுச் சாய்த்து அடிக்க வேண்டும். செங்குத்தாக அடித்தால் உள்ளே நசுங்கல் இறங்கி, பின்னால் தேய்க்கும்போது வெள்ளைப் புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். விளிம்பை நெருங்கியதும் சிறிய கல்லுக்கு மாறி, அடியை எப்போதும் உள்பக்கம் நோக்கி விட வேண்டும். வெளிப்பக்கம் நோக்கி அடித்தால் விளிம்பு சில்லாகப் பெயரும். பெயர்ந்த விளிம்புக்கு மருந்து கிடையாது, மொத்தப் பரப்பையும் கீழே இறக்கியாக வேண்டும்.

பிறகு சமதளமாக்குவது. தட்டையான மணற்கல்லைத் தேய்ப்புக் கல்லாக்கி, ஈர மணல் போட்டு, எட்டு போடுவது போல் சுழற்றித் தேய்க்க வேண்டும். ஒரே திசையில் தேய்த்தால் நடு குழியும். மேடு எங்கே என்று கண்டுபிடிக்க, நேர்விளிம்பில் செம்மண் குழம்பைத் தடவி வைத்துப் பார்த்தால் போதும், மேட்டில் மட்டும் ஒட்டும்.

உள்மூலையில்தான் மேலே சொன்ன இரண்டும் நின்றுபோகின்றன. அங்கே கூர்நுனி உள்ள ஏதோ ஒன்றை வைத்துச் செதுக்கியே ஆக வேண்டும். நாயர் கல் கருவிகளாலேயே ஆண்டிசைட்டில் செதுக்கிப் பார்த்தார். கூழாங்கல்லால் குழியைக் கரடுமுரடாக எடுத்துவிட்டு, கூரான கல் சில்லுகளால் ஓரத்தைச் சுரண்டினால் கூர்மையான உள்விளிம்பு வருகிறது. ஆனால் சில்லு சீக்கிரம் மழுங்கும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே 'முடியவே முடியாது' என்ற வாதம் தோற்றது. பூமா புங்கில் இருக்கிற அத்தனை குழிகளையும், அத்தனை ஒழுங்காக, எந்தக் கருவித் தொகுப்பை வைத்துச் செய்தார்கள் என்பதற்கு மட்டும் அந்தக் கருவிகளே கையில் இல்லை. மர்மம் என்று சொல்வதானால் நான் இதைச் சொல்வேன்.

துளைகளுக்கு இது பொருந்தும்: குச்சி அல்லது எலும்புத் துரப்பணம், நுனியில் ஈரமான குவார்ட்சு மணல். துரப்பணம் கல்லை வெட்டுவதில்லை, மணல்தான் வெட்டுகிறது. துளை வாய் அகன்று உள்ளே குறுகியிருந்தால் அது மணல் வேலை.

நிறைகோல்

131 டன்னுக்கு வருவோம். பூமா புங்கின் பெரிய பலகைக்குப் பதிவான அளவு 7.81 மீட்டர் நீளம், 5.17 அகலம், 1.07 தடிப்பு. பெருக்கினால் 43.2 கன மீட்டர். எடை 131 டன் என்றால் கன மீட்டருக்கு 3.03 டன். மணற்கல் பொதுவாக 2.2 முதல் 2.6க்குள் நிற்கும், 3 வராது.

இரண்டாவது பலகையைப் பாருங்கள்: 7.90 × 2.50 × 1.86, அதாவது 36.7 கன மீட்டர். எடை 85.21 டன். அடர்த்தி 2.32, மணற்கல்லுக்குச் சரியாக இருக்கிறது. அதே அடர்த்தியை முதல் பலகைக்குப் போட்டால் 100 டன். ஆக, பதிவான தடிப்பும் பதிவான எடையும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. 131 என்ற எண்ணை எல்லோரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்கள், பெருக்கிப் பார்ப்பதில்லை. அந்த மூன்று அளவும் சரியென்றால் 100 டன் என்பதே பொருத்தம்.

இழுவைக்கு, சரளைப் பாதையில் ஈரக் களிமண் பரப்பினால் உராய்வு எண்ணை 0.6 என்று வைப்போம். 100 டன்னுக்கு 60 டன் விசை. ஒருவர் தொடர்ந்து 50 கிலோ விசை கொடுப்பார் என்றால் 1,200 பேர். எட்டு வடம் போட்டால் வடத்துக்கு 150 பேர், 7.5 டன் சுமை. இச்சு புல் வடத்துக்கு இது அதிகம். வடங்களைக் கூட்டி ஒவ்வொன்றின் சுமையைக் குறைத்தாக வேண்டும். ஒரு வடம் அறுந்தால் பலகை கோணலாகத் திரும்பும், திரும்பிய 100 டன்னை நேராக்குவது இழுப்பதை விடக் கடினம். மழைக்காலம் டிசம்பர் முதல் மார்ச் வரை. அப்போது அந்தப் பாதை சேறு. மே முதல் ஆகஸ்டு வரை தரை வறண்டிருக்கும், அறுவடையும் முடிந்திருக்கும். இந்த வேலை ஆண்டில் நான்கு மாத வேலை என்றே நான் கணக்குப் போடுவேன்.

கடலோடி

ஆண்டிசைட்டுக்கு ஏரி இருக்கிறது. 2002இல் விரானிச்சும் பால் ஹார்மனும் டோட்டோரா நாணலில் பெரிய படகு கட்டி, 9 டன் ஆண்டிசைட் கல்லைக் கோப்பகபானா தீபகற்பத்திலிருந்து தென்கரைக்கு ஓட்டிக் காட்டினார்கள். திவானாக்கின் ஒற்றைக்கல் வாசலான சூரிய வாசல் சுமார் 10 டன், ஆக அது வெறும் அடையாளச் சோதனை இல்லை. ஏரியின் தென்கரையில் இவாவியில் வெட்டி முடிக்காத ஆண்டிசைட் கற்கள் இன்றும் கிடக்கின்றன. கொண்டுவந்து இறக்கிய துறை அது.

படகில் சிரமம் ஓட்டத்தில் இல்லை, ஏற்றி இறக்குவதில்தான். கல்லை ஒரு பக்கமாக ஏற்றினால் படகு கவிழும், நடுவில் ஏற்றக் கரையை வெட்டிச் சரிவு போட வேண்டும். நாணல் நாளாக நாளாக நீர் குடித்துத் தாழும். ஆகவே படகைக் கட்டி வைத்துக் காத்திருக்க முடியாது. கல் தயாரான பிறகுதான் படகு கட்ட வேண்டும்.

அதியன்

இவ்வளவு சிரமம் எதற்கு? கல்லைக் குழம்பாக்கி அச்சில் வார்த்தார்கள் என்று 2019இல் பிரெஞ்சு வேதியியலாளர் டேவிடோவிட்ஸ் குழுவினர் ஆய்விதழ்களிலேயே எழுதியிருக்கிறார்களே. 17,000 ஆண்டுப் பழமை என்ற போஸ்னான்ஸ்கியின் வானியல் கணக்கையும் யாரும் தொடவில்லை.

வரைகோல்

வார்ப்பு வாதத்துக்கு வெளியில் தெரியும் சான்றே பதில் சொல்கிறது. மலையடியில் வெட்டுமிடம் இருக்கிறது, வழியில் கைவிட்ட கற்கள் இருக்கின்றன, பாதி கொத்தி நிறுத்திய பரப்புகள் இருக்கின்றன. அச்சில் வார்த்தால் பாதி கொத்திய பரப்பு எப்படி வரும்? எச் கற்களின் அளவு ஏன் மாற வேண்டும்? அச்சின் பயனே அளவு மாறாததுதானே.

சூரிய வாசலின் மேல்பட்டையைக் கிட்டத்தில் பாருங்கள். நடுவில் தடி ஏந்திய உருவம், இரு பக்கமும் சிறகுள்ள உருவங்கள், பக்கத்துக்கு எட்டு செங்குத்து வரிசை, வரிசைக்கு மூன்று, மொத்தம் 48. நடுவை ஒட்டிய ஐந்து வரிசைகள் மட்டும் ஆழமாக முடிந்தவை. ஓரத்து மூன்று வரிசைகள் மேலோட்டமாகக் கீறியபடி நிற்கின்றன. ஒரே கல்லில், ஒரே பட்டையில், வேலையின் இரண்டு கட்டங்கள். உளி நின்ற இடம் அங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

நிறைகோல்

@அதியன், போஸ்னான்ஸ்கியைத் தொட்டுப் பார்ப்போம். அவர் எடுத்துக்கொண்டது கலாசசாயா என்ற முற்றம், ஏறத்தாழ 120க்கு 130 மீட்டர். அதன் கிழக்கு மூலைகள் சூரியன் வடகோடி, தென்கோடியில் உதிக்கும் திசையைக் காட்டக் கட்டியவை என்று வைத்துக்கொண்டார். இன்றைய உதயத் திசைக்கும் மூலைக்கும் உள்ள சிறு வேறுபாட்டை பூமி அச்சின் சாய்வு மாறியதால் வந்தது என்று எடுத்து, கி.மு. 15,000 என்று முடித்தார்.

அந்த வேறுபாடு ஒரு பாகையில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். 120 மீட்டர் தூரத்தில் அது சுமார் 70 சென்டிமீட்டர். மூலைக்கல்லின் அகலமே அதை விழுங்கிவிடும். பார்ப்பவர் எந்தக் கல்லில் நின்றார், கல்லின் எந்த விளிம்பைப் பார்த்தார், தொடுவானத்தில் மலை எவ்வளவு உயரம் என்ற மூன்றில் எதை மாற்றினாலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தாவும். கணிதம் சரி, ஊன்றிய புள்ளிதான் நிலையில்லாதது.

இதற்கு எதிரே வைக்க வேண்டியது விரானிச்சின் கரிமக் காலக்கணிப்பு. பூமா புங்கு மேட்டின் அடி நிரப்பில் எடுத்த கரிமப் பொருள் கி.பி. 536 முதல் 600க்குள் விழுகிறது. 'கல்லுக்குக் கரிமக் கணிப்பு செய்ய முடியாதே' என்பார்கள், சரிதான். கணித்தது கல்லை இல்லை, கல் உட்கார்ந்திருக்கும் மண்ணை. அடியில் இருக்கும் குப்பை மேலே இருக்கும் கட்டடத்தை விடப் பிந்தியதாக இருக்க முடியாது.

செம்பியன்

உலோகத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. கற்களில் ஐ வடிவ, டி வடிவக் குழிகள் இருக்கின்றன. இரண்டு கற்களைச் சேர்த்தால் குழி முழுமையாகும், அதில் உலோகக் கவ்வி. பழைய உலோகங்களை ஆராயும் ஹெதர் லெக்ட்மன் பகுத்துப் பார்த்ததில் செம்பு, ஆர்செனிக், நிக்கல் கலவை. பூமா புங்குக் கால்வாயில் உருக்கிய உலோகத்தை நேராகக் குழியிலேயே ஊற்றியிருக்கிறார்கள். அந்நகரின் அகபானா என்ற பெரிய மேட்டின் கால்வாயில் அதே கலவையைக் கட்டியாக எடுத்து, சூடாக்காமல் அடித்து வடிவாக்கிப் பதித்திருக்கிறார்கள். ஒரே நகரம், ஒரே கலவை, இரண்டு தொழில்முறை.

ஊற்றுவதன் பயன், உலோகம் ஆறும்போது சுருங்கி இரு கற்களையும் இழுத்து இறுக்கும். கேடு, கல்லில் ஈரம் இருந்தால் 1,000 பாகைக்கு மேல் இருக்கும் உலோகம் பட்டதும் நீராவி சீறிக் கல் விளிம்பு தெறிக்கும், உலோகத்தில் குமிழ் விழும். குளிர்ந்த கல்லில் ஊற்றினால் உலோகம் குழியின் முனை வரை ஓடுவதற்குள் உறையும். எனவே குழியைத் தீயால் காயவைத்துச் சூடேற்றியே ஊற்றியிருக்க வேண்டும். ஒரே மூச்சில் ஊற்றவும் வேண்டும். இடையில் நிறுத்தினால் அங்கேயே பிளவு. கவ்விகள் நீர்க்கால்வாயில் இருப்பதற்கும் காரணம் உண்டு: சரிவில் ஓடும் நீரின் அடியில் மண் அரித்தால் பக்கக் கற்கள் நகரும்.

பொன்னி

அப்படியானால் இன்று குழிகள் வெறுமையாக இருப்பது?

செம்பியன்

உலோகத்துக்காகப் பெயர்த்துக்கொண்டு போனதுதான். கற்கள் தாறுமாறாகக் கிடப்பதில் ஒரு பங்குக்கு அதுவே காரணம்.

தென்றலரசு

இந்த இடிபாட்டுக்கு நேர்ந்ததைப் பேசாமல் எந்தக் கேள்விக்கும் முழு விடை வராது. எனக்கு மனம் பொறுக்காத பகுதி இது. வெள்ளம், நிலநடுக்கம், வெடிப்பு என்று என்னென்னவோ சொல்கிறார்கள். ஊர்த் தேவாலயம் இந்தக் கற்களால் கட்டப்பட்டது. ஏரிக்கரை ஊரான குவாக்கிக்கு இருப்புப்பாதை போட்டபோது கற்களை உடைத்துப் பயன்படுத்தினார்கள். அகபானா மேட்டின் நடுவில் பெரும்பள்ளம், புதையல் தேடித் தோண்டியது. 1890களில் ஜெர்மன் தொல்லியலாளர் மாக்ஸ் ஊலே வந்தபோது படைவீரர்கள் சிற்பங்களைக் குறிவைத்துச் சுட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். அவர் தலையிட்டு நிறுத்த வேண்டியிருந்தது.

பிறகு வந்த 'சீரமைப்பு' அதற்குக் குறைந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டுப் படங்களில் கலாசசாயா என்பது இடைவெளி விட்டு நிற்கும் நெடுங்கற்களின் வரிசை. 1957க்குப் பின் பொலிவியத் தொல்லியலாளர் கார்லோஸ் போன்சே சாஞ்சினேஸ் தலைமையில் அந்த இடைவெளிகளை அடைத்து முழுச் சுவர் எழுப்பினார்கள். இன்று பயணிகள் படமெடுத்துக்கொள்ளும் சுவரில் எது பழையது, எது அப்போது வைத்தது என்று நின்று பார்த்தால்தான் தெரியும். 2000களில் அகபானாவின் முகப்பில் சுடாத மண் செங்கல் வைத்துப் பூசினார்கள். அடியில் இருந்தது வெட்டிய கல். யுனெஸ்கோ கவலை தெரிவித்தது. தவறான பூச்சு பார்ப்பவரை ஏமாற்றுவதோடு நிற்காது. மேட்டின் உள்ளே பழைய கல் வடிகால்கள் இருக்கின்றன, மழை நீரைப் படிதோறும் உள்ளே வாங்கி வெளியே விடும் அமைப்பு. முகப்பை அடைத்தால் நீர் எங்கே போகும்?

சூரிய வாசலும் இடம் மாறியதுதான். 1908இல்தான் அதை நிமிர்த்தி வைத்தார்கள். அதன் பின்பக்க மாடங்கள் ஓரத்தில் பாதியோடு வெட்டுப்பட்டு நிற்கின்றன, மீதிப் பாதி பக்கத்துக் கல்லில் இருந்திருக்க வேண்டும். தனியாக நிற்கச் செய்த வாசலே இல்லை அது, சுவரின் ஒரு துண்டு. அதை வைத்து எழுதும் நாட்காட்டிக் கோட்பாடுகள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

மண்வாசனை

கட்டியவர்கள் எதைச் சாப்பிட்டார்கள் என்பதையும் சேர்க்கலாம். இந்த உயரத்தில் உருளைக்கிழங்குக்கு எமன் பனி. ஏரிக்கரையில் சுகா கொல்லு என்ற மேட்டுப்பாத்தி முறை இருந்தது. தொல்லியலாளர் ஆலன் கொலாட்டா குழு வெட்டிப் பார்த்த பாத்திகளில் அடியில் உருளைக்கல், அதன்மேல் ஏரியின் உவர் நீர் ஏறாதபடி களிமண், மேலே சரளை, பிறகு வளமண். பாத்திகளுக்கு இடையே கால்வாய். பகல் வெயிலில் நீர் சூடாகி, இரவில் அந்த வெப்பத்தை விடும், பயிர் கருகாது. 1980களின் சோதனையில் ஹெக்டேருக்குச் சராசரி 21 டன், ஊர் வழக்க முறையில் 2.4 டன். இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பல காலம் தரிசாகக் கிடந்த மண்ணின் முதல் விளைச்சல் அது. சில ஆண்டுகளில் குறைந்தது, கால்வாய் தூர்வாரும் உழைப்பும் தாங்கவில்லை, பலர் கைவிட்டார்கள்.

வீழ்ச்சிக்குப் பொதுவாகச் சொல்லும் காரணம் வறட்சி. ஏரிப் படிவுகளிலும் பெருவின் கெல்காயா பனிப்பாறைத் துளையெடுப்பிலும் அதற்குச் சான்று உண்டு. கி.பி. 1000ஐ ஒட்டி நகரில் கட்டுமானம் நின்றுபோகிறது, சிலைகளின் முகங்கள் சிதைக்கப்படுகின்றன. முகத்தை உடைப்பது வறட்சி செய்கிற வேலை இல்லை. உள்ளே கலகம் முந்தி வந்தது, வறட்சி பிறகு முடித்துவைத்தது என்பதே என் வாசிப்பு.

பொன்னி

நேரில் போகிறவர்கள் எந்த வரிசையில் பார்ப்பது நல்லது?

வரைகோல்

முதலில் கல் அருங்காட்சியகம். தொல்லியலாளர் பென்னெட் 1932இல் கண்டெடுத்த 7.3 மீட்டர் சிலை அங்கேதான் இருக்கிறது. பல்லாண்டு லா பாஸ் வீதியில் வாகனப் புகையிலும் மழையிலும் நின்று அரித்தது, 2002இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். செதுக்கலை அங்கே கண்ணுக்குப் பழக்கிக்கொண்டு வெளியே போனால் மற்றவற்றில் வேலை தெரியும். சூரிய வாசலின் செதுக்கல் முகம் கிழக்கு நோக்கியது, காலைச் சாய்வெயிலில் மட்டுமே ஓரத்து மேலோட்டக் கீறல்கள் எழும்பித் தெரியும். நண்பகலில் எல்லாம் தட்டை. ஜூன் 21 அங்குள்ள அய்மாரா மக்களின் புத்தாண்டுக் கூட்டம், கல்லைப் பார்க்க அன்று போகாதீர்கள். லா பாஸில் இரண்டு நாளாவது தங்கி உயரத்துக்கு உடம்பைப் பழக்கிய பிறகு கிளம்புங்கள்.

பூமா புங்குக்குத் தனியாக நடக்க வேண்டும், பலர் அதை விட்டுவிட்டுப் பேருந்து ஏறிவிடுகிறார்கள். அங்கே கயிற்று வேலிக்கு இப்பால் நின்றே எச் கற்களின் உள்மூலைகளைப் பார்க்கலாம். சிறு இருநோக்கி ஒன்று கொண்டுபோங்கள். கால்வாய்க் கற்களில் ஐ வடிவக் குழி இருந்தால் அதன் அடிப்பரப்பையும் பாருங்கள். பக்கம் வழவழப்பாகவும் அடி கொத்தியபடி சொரசொரப்பாகவும் இருந்தால், உலோகம் மூடி மறைக்கும் இடத்தில் கொத்தர் நேரத்தைச் செலவழிக்கவில்லை என்று அர்த்தம்.